இரண்டு அம்பிகாபதிகள்

கம்பர் மகன் சோழ இளவரசியைக் காதலித்து உயிர்விட்ட கதை எங்கள் உறையூரில் நடந்ததென்பார்கள். 1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யில் பாகவதர், 1957இல் ப. நீலகண்டன் இயக்கியதில் சிவாஜி. இருவருமே திருச்சியில் வளர்ந்தவர்கள். ஆகவே எங்கள் வீட்டு வழக்கு தீரவேயில்லை. சொந்தக் குரலில் பாடியவனே அம்பிகாபதி என்பார் தாத்தா. பாட்டை டி.எம்.எஸ். பார்த்துக்கொள்வார், அந்த முகத்துக்கு எங்கே போவது என்பார் அப்பா. ஒன்றில் மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது: முடிவுக் காட்சியில் கொட்டகையே விம்மியது என்பார்கள்.

இருவரும் போனபின், இரண்டு படங்களையும் ஓரிரவில் கணினியில் பார்த்தேன். பாகவதர் பாடினார், சிவாஜி கலங்கினார். அறையில் விம்ம வேறு யாருமில்லை. தீர்ப்பு சொல்ல இன்னும் மனம் வரவில்லை.