காந்தல் குருசடியும் திருச்சிலுவையின் அருளிக்கமும்

நீலமலைக்குச் செல்வோர் ஏரியையும் பூங்காவையும் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுவது வழக்கம். உதகை நகரின் ஓரத்தில், காந்தல் என்னும் பகுதியில் ஒரு குருசடி உண்டு. ஆண்டவர் அறையுண்ட திருச்சிலுவையின் சிறு துகளொன்று அங்கே அருளிக்கமாக வணங்கப்படுகிறது. தமிழகத்தின் பல பங்குகளிலிருந்தும் மக்கள் அதனைத் தேடி மலையேறுகின்றனர்.

இம்மலையில் முன்னரும் ஒரு தேடல் நிகழ்ந்ததுண்டு. 1603-ஆம் ஆண்டில் ஃபெனீசியோ என்னும் இயேசு சபைக் குரு, புனித தோமையாரின் கிறிஸ்தவர்கள் இங்கே வாழ்கின்றனர் என்ற செய்தியை நம்பி, மலையாளக் கரையிலிருந்து காடுகளைக் கடந்து ஏறி வந்தார். அவர் கண்டது எருமை மேய்க்கும் தோடர்களையே.

காந்தலில் நம்முடன் வந்திருந்த பங்கு இளைஞர் ஒருவர், குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டே, "சுவாமி, இது உண்மையிலேயே அந்தச் சிலுவை மரந்தானா?" என்று வினவினார். அருகிலிருந்த மூதாட்டி அவரை முறைத்தார். ஆயினும் கேட்கத்தக்க கேள்வியே அது.

புனித எலேனம்மாள் எருசலேமில் சிலுவையைக் கண்டெடுத்தார் என்பது தொன்மரபு. ஏறத்தாழ 350-ஆம் ஆண்டளவில் அந்நகரின் ஆயர் புனித சிரில், அம்மரத்தின் துகள்கள் உலகெங்கும் பரவிவிட்டன என்று போதித்திருக்கிறார். அதே நூற்றாண்டின் இறுதியில் அங்கு சென்ற எஜேரியா என்னும் பெண்மணி, பெரிய வெள்ளியன்று மக்கள் மரத்தை முத்தமிடுகையில் திருத்தொண்டர்கள் சுற்றி நின்று காவல் காத்ததாக எழுதினார். முத்தமிடுவதுபோல் குனிந்து, பல்லால் கடித்து ஒரு துண்டைத் திருடிச் சென்றார் ஒருவராம்! பக்தியும் பேராசையும் அன்றே கைகோத்துத்தான் நடந்தன.

பிரான்சு நாட்டின் புவாத்தியே நகரில், அரச வாழ்வைத் துறந்த புனித ராதேகுந்து ஒரு கன்னியர் மடம் நிறுவியிருந்தார். அவர் வேண்டியதற்கிணங்க, 569-ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் பேரரசர் இரண்டாம் ஜஸ்டின் திருச்சிலுவைத் துகளொன்றை அனுப்பினார். அந்நகரின் ஆயரோ அதனை வரவேற்க மறுத்து, குதிரையேறித் தம் பண்ணைக்குப் போய்விட்டார்! தூர் நகர ஆயரே வந்து அதனைப் பவனியாகக் கொணர வேண்டியதாயிற்று. அன்று கவிஞர் ஃபொர்த்துனாத்துஸ் இயற்றிய 'வெக்ஸில்லா ரேஜிஸ்' என்னும் பாடலைத் திருச்சபை இன்றும் புனித வாரத்தில் பாடுகிறது. மடம் அதுமுதல் திருச்சிலுவை மடம் எனப் பெயர் பெற்றது. பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்புக்குப் பின்னும், அம்மடத்தின் வழிவந்த கன்னியர் அத்துகளைக் காத்து வருகின்றனர்.

இடைக்காலத்தில் போலிகளும் மலிந்தன என்பதை மறைப்பானேன்? அருளிக்கங்களை விற்கலாகாது என்று 1215-ஆம் ஆண்டின் லாத்தரன் சங்கம் கண்டித்தது. உலகிலுள்ள சிலுவைத் துகள்களைச் சேர்த்தால் ஒரு கப்பலே நிறையும் என்று 1543-இல் கால்வின் நகைத்தார். 1870-இல் பிரெஞ்சு அறிஞர் ரொஹோ தெ ஃபிளெரி, தாம் அறிந்த துகள்களையெல்லாம் கணக்கெடுத்தார். முழுச் சிலுவைக்கு 17 கோடியே 80 லட்சம் கன மில்லிமீட்டர் மரம் வேண்டும் என மதிப்பிட்ட அவர், துகள்களின் கூட்டளவு ஏறத்தாழ 40 லட்சமே எனக் கண்டார். அக்கணக்கு நகைப்பை அடக்கியது. ஆனால் ஒவ்வொரு துகளும் மெய்யானதென்று அது காட்டிவிடாது.

ஆகவே அவ்விளைஞரிடம் நாம் கூறியது இதுவே: "தம்பி, எந்த ஓர் அருளிக்கத்தையும் விசுவாசப் பிரமாணமாக ஏற்குமாறு திருச்சபை கட்டளையிடவில்லை. முத்திரையும் சான்றும் பார்த்தே வணக்கத்துக்கு வைக்கிறது. நாம் தலைவணங்குவதோ, சிலுவையில் மரித்தவருக்கு." அவர் தலையசைத்தார், முழுதும் ஏற்றாரோ இல்லையோ, வரிசையில் போய் நின்றார். முறைத்த மூதாட்டியே அவருக்கு இடம்விட்டார்.

திருச்சிலுவையைக் கண்டெடுத்த மே 3-ஆம் நாள் திருநாள், 1960-ஆம் ஆண்டு உரோமைப் பொது நாட்காட்டியினின்று நீக்கப்பட்டது. காந்தலில் மே மாதப் பெருவிழா நின்றுவிடவில்லை. அம்மாதம் உதகையில் தங்குமிடம் கிடைப்பது அரிது. செல்லும் குடும்பங்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வதுடன், குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டையும் எடுத்துச் செல்லட்டும்.