முதற் பதிப்பு எது?

பழைய ஏடு என்றாலே முகஞ்சுளிப்போர் உண்டு; பழையது என்பதற்காகவே கண்ணில் ஒற்றிக்கொள்வோரும் உண்டு. நாம் இரு சாராரையும் சேர்ந்தவரல்லோம். பழமைக்காகப் பழமையை வணங்குவது நம் வழக்கமன்று. எனினும் புதினங்களின் முதற் பதிப்பைத் தேடுகிறோம். முரண்பாடன்றோ என்று கேட்கும் தோழர்களுக்கு விளக்கம் தரக் கடமைப்பட்டுள்ளோம்.

அமெரிக்காவில் 1950-களில் வெளிவந்த புகழ்பெற்ற புதினங்களின் முதற் பதிப்புகள் இன்று பெருவிலை பெறுகின்றன. பெருவிலை உள்ள இடத்தில் பொய்யும் புகுமன்றோ? "இது முதற் பதிப்பு" என்பார் விற்பவர். அவர் சொன்னார் என்பதற்காக நம்பிவிடலாமா? கூடாது! தலைப்புப் பக்கத்தைப் புரட்டி, அதன் பின்புறத்தைப் பார்க்கவேண்டும். சான்று அங்கே இருக்கிறது. 1952-இல் ஸ்கிரிப்னர் நிறுவனம் வெளியிட்ட ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' என்றால், 'ஏ' என்ற எழுத்தும் நிறுவனத்தின் முத்திரையும் அங்கே இருக்கவேண்டும். அதே ஆண்டு ராண்டம் ஹவுஸ் வெளியிட்ட, கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எலிசனின் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' என்றால், 'முதல் அச்சு' என்ற சொற்கள் இருக்கவேண்டும். பதிப்பகத்துக்குப் பதிப்பகம் அடையாளம் வேறு. அறிந்து பார்ப்பவன் ஏமாறான்.

மேலுறை மட்டும் சான்றாகாது. ஒரு நூலின் உறையை மற்றொன்றுக்குப் போர்த்தலாம். உறையையே படியெடுத்தும் அச்சிடலாம். புத்தகக் கழகங்கள் தம் உறுப்பினர்க்கு அச்சிட்ட படிகள் அசல்போலவே தோன்றும். ஆனால் பெரும்பாலும் உறையின் உள்மடிப்பில் விலை இராது. பின்னட்டையின் கீழ்மூலையில் சிறு குழி அழுந்தியிருக்கும். உடுப்பைக் கண்டு உயர்வு கற்பிப்போர், ஏட்டிலும் ஏமாறுவர், நாட்டிலும் ஏமாறுவர்!

"செல்வர் வீட்டுப் பொழுதுபோக்குத்தானே இது?" என்பீர்கள். அன்று, தோழர்களே! ரே பிராட்பரியின் 'பாரன்ஹீட் 451' கதையைக் கேளுங்கள். நூல்களைக் கொளுத்தும் ஆட்சியைச் சாடும் அந்நூலை 1953-இல் பாலண்டைன் நிறுவனம் வெளியிட்டது. 200 படிகளுக்குத் தீப்பற்றாத கல்நார் அட்டை! தீக்கு அட்டை கட்டினர். கத்தரிக்கு எதைக் கட்டுவது? 1967-இல் பள்ளி மாணவருக்கென அதே நிறுவனம் ஒரு பதிப்பு வெளியிட்டது. அதில் ஏறத்தாழ 75 இடங்களில் கை வைத்தனர். குடிகாரன் நோயாளியானான், வசைச்சொற்கள் மறைந்தன. 1973 முதல் வெட்டுண்ட வடிவம் ஒன்றே விற்பனைக்கு வந்தது. எழுதியவருக்கே 1979-இல்தான் செய்தி எட்டிற்று. அவர் சீறினார், அதன்பின்னரே அவர் எழுதியபடி நூல் மீண்டும் வந்தது.

எரிப்பவன் கையில் தீப்பந்தம் தெரியும். திருத்துபவன் கையில் எழுதுகோல்தான் தெரியும். வெட்டியது எது, ஒட்டியது எது என்று காட்ட, வெட்டுக்கு முன் அச்சான படி வேண்டும். அதனால்தான் முதற் பதிப்பைத் தேடுகிறோம். பூசிப்பதற்கன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு! நூல் எதுவாயினும் கேளுங்கள்: எந்த ஆண்டு, எத்தனையாவது அச்சு, யார் கைபட்டது? கேட்கும் இளைஞர் உள்ளவரை, கத்தரியின் வேலை மறைந்து கிடக்காது.