கரி திருடின அகழெலி

ஷெபீல்டுக்கு வந்த புதுசில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டைக் காட்டினார். பேர் ‘வாண்டட்: மாண்டி மோல்’. 1984இல் இதே ஊர்க் கம்பெனியான கிரெம்லின் கிராபிக்ஸ் போட்டது. குளிருக்குக் கரி வேணும்னு ஓர் அகழெலி சுரங்கத்துக்குள்ள திருடப் போகுது. சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கிலையும் அதில் கேலிப்படமா வெச்சிருக்காங்க.

அதே 1984 மார்ச்சில்தான் சுரங்கத் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சுரங்கங்களை மூடாதேன்னு ஒரு வருஷம் நின்றார்கள். தாட்சர் அரசு இறங்கி வரலை. 1985 மார்ச்சில் வெறுங்கையோடு வேலைக்குத் திரும்பினார்கள்.

பெரியவரும் அப்படி நின்றவர்தான்.

“அந்தக் குளிர்ல எங்க வீட்டு அடுப்புக்கே கரி இல்லப்பா. கழிவு மேட்டுல போய்ப் பொறுக்கினோம். போலீஸ் பிடிச்சுது. எலி எடுத்தா பாயிண்டு, நாங்க எடுத்தா கேஸு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரலை. தோண்டினவனுக்கே கரி இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

‘விளையாட்டுல அரசியலைக் கலக்காதீங்க’ன்னு என்கூட வேலை பார்க்கிற பையன்கள் சொல்றாங்க. கலந்து நாற்பது வருஷம் ஆச்சு. யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

நாட்டின் கடைசி ஆழ்சுரங்கம் கெல்லிங்லி. இதே யார்க்‌ஷயரில்தான் இருந்தது. 2015 டிசம்பரில் அதையும் மூடிட்டாங்க. எலி மட்டும் இன்னும் கரி பொறுக்கிக்கிட்டிருக்கு.