ஜன்னலுக்கு ஒரு லிட்டர், சாக்கடைக்கு ஒரு லிட்டர்

லண்டனில் ஜன்னல் கழுவ வருகிறவர்கள் இப்போதெல்லாம் பெரும்பாலும் ஏணி தூக்கிக்கொண்டு வருவதில்லை. வேனில் ஒரு 400 லிட்டர் டேங்க், மெல்லிசாக ஒரு ஓஸ், மூணு நாலு மாடிக்கு நீளும் கார்பன் ஃபைபர் கழி, நுனியில் பிரஷ். தண்ணீர் கழி வழியாகவே ஏறி பிரஷ்ஷில் கொட்டும். தேய்த்து, அலசி, அப்படியே காயவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். சோப்பும் இல்லை, துடைக்கிற துணியும் இல்லை. உயரத்தில் வேலை செய்வதற்கான விதிகள் 2005-ல் வந்த பிறகு இது இன்னும் பரவியது. ஏணியிலிருந்து ஒருத்தர் விழுவதற்கு இது ஆயிரம் மடங்கு தேவலை.

ஆனால் இது தண்ணீரை மிச்சம் பிடிக்கிற கருவி என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். பழைய பக்கெட்டும் ரப்பர் வைப்பரும் ஒரு வீட்டையே பத்து லிட்டரில் முடித்துவிடும். கழியில் நிமிஷத்துக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் போகும்.

அதுகூடப் பெரிய விஷயமில்லை. துடைக்காமல் காயவிட்டும் கண்ணாடியில் திட்டு விழக்கூடாது என்றால் தண்ணீரின் டி.டி.எஸ். கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கணும். லண்டன் குழாய்த் தண்ணீர் 300-ஐ ஒட்டி நிற்கும் (கெட்டிலுக்குள் எட்டிப் பாருங்கள், வெள்ளை வெளேரென்று படிந்திருக்கும்). அதனால் முதலில் ஆர்.ஓ., அப்புறம் மிச்ச உப்பை எடுக்க ரெசின் உருளை. நல்ல பம்ப் இருந்தால் ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீருக்கு ஒரு லிட்டர் சாக்கடைக்கு. பம்ப் இல்லாமல் குழாய் அழுத்தத்திலேயே ஓட்டினால் மூணு லிட்டர்கூடப் போகும். விரயம் நடப்பது ஜன்னலில் இல்லை, தண்ணீர் தயாரிக்கிற இடத்தில்!

2022 ஆகஸ்ட் 24 முதல் நவம்பர் 22 வரை தேம்ஸ் வாட்டர் ஓஸ் பைப்புக்குத் தடை போட்டிருந்தது. வீட்டுக்காரர் தன் ஜன்னலில் ஓஸ் பிடித்து அடிக்கக்கூடாது. தொழிலாகச் செய்பவருக்கு விலக்கு. நான் பார்த்துக்கொள்ளும் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் வாடிய செடிக்குப் பக்கத்தில் நின்று கழிக்காரரை முறைப்பார்கள். அவர் ஆர்.ஓ. கழிவைத் தனி டேங்கில் பிடித்துத் தரை கழுவக் கொடுத்துவிடுகிறவர் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இதெல்லாம் இப்போது எழுதக் காரணம் எங்கள் சாந்தன்பாறை. சித்தப்பா பையன் அங்கே ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறான். பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. "அண்ணே, கழி வாங்கப் போறாங்க, கூடவே பெரிய ஆர்.ஓ. பிளான்ட்டும் கொட்டேஷன் குடுத்திருக்காங்க, சரிதானா?" என்று கேட்டான். தண்ணீர் எங்கிருந்து எடுப்பீங்க என்றேன். மேலே இருக்கிற ஓடையிலிருந்து.

அதே ஓடையில்தான் கீழே லயத்து வீடுகளும் ஓஸ் போட்டிருக்கின்றன. 2024 கோடையில் இடுக்கி முழுக்க ஏலம் கருகியபோது அந்த ஓஸ்களில் காற்றுதான் வந்தது. அம்மா குடம் வைத்துவிட்டுக் காத்திருந்ததை போனில் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். அந்த ஓடையில் ஒன்றுக்கு இரண்டாக எடுத்து, பாதியை ரிசார்ட் சாக்கடையில் விடுவதா?

இத்தனைக்கும் அங்கே ஆர்.ஓ. தேவையே இல்லை. போன தடவை போனபோது மீட்டரை ஓடையில் விட்டுப் பார்த்தேன், 50-ஐத் தாண்டவில்லை. மலைத் தண்ணீர், பாறையில் வழிந்து வருவது. நேராக ரெசினில் விட்டாலே பூஜ்யத்துக்கு வந்துவிடும், கழிவென்று ஒரு சொட்டு கிடையாது. லண்டன் தண்ணீரோடு ஒப்பிட்டால் ரெசினும் ஆறு மடங்காவது அதிகம் உழைக்கும். மழைத்தண்ணீர் இன்னும் உத்தமம். தென்மேற்குப் பருவமழையில் கூரையிலிருந்து கொட்டுவதை முதல் மழை கழித்துப் பிடித்து, வடிகட்டி வைத்தால் ஓடைப் பக்கமே போகவேண்டாம்.

தம்பிக்குச் சொன்னதில் மிச்சம்: கீழ்த்தளம் முழுக்க பக்கெட், வைப்பர், கை எட்டுகிற கண்ணாடிக்குக் கழி எதற்கு? ஒரு ஜன்னலிலிருந்து அடுத்ததுக்கு நடக்கும்போது வால்வை மூடணும். பெரும்பாலான விரயம் இந்த நடையில்தான். தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கிற கண்ணாடியை அலச அதிக நேரம் பிடிக்கும், அதற்கு விசிறி மாதிரி அடிக்கிற ஜெட் வைத்த பிரஷ் வாங்கணும். மார்ச், ஏப்ரலில் மேல்மாடியைத் தொடவே வேண்டாம். தூசி தெரிந்தால் தெரியட்டும், வருகிறவர்கள் மலையைப் பார்க்கத்தானே வருகிறார்கள் :-)

தீர்ந்த ரெசினை ஏலத்தோட்டத்தில் கொட்டக்கூடாது, விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்ளணும் என்று எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

மேனேஜர் இன்னும் ஆர்.ஓ.வைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாராம். மீட்டர் ஒன்று தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஓடை, மழைத்தொட்டி, கிணறு மூன்றையும் அளந்து அவர் கண்ணில் காட்டணும். கிணற்றில் மட்டும் இரும்பு இருக்கிறதா என்று தனியாகப் பரிசோதிக்கணும், இருந்தால் ரெசின் சீக்கிரம் கெட்டுவிடும்.