சின்ன வயலில் ஒரு பெரிய இயந்திரம்

"பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகும் பொம்மை ரயிலா?" என்று என் அறைத்தோழன் கேட்காத வாரமே இல்லை. பொம்மை வேறு, மாதிரி வேறு என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. பொம்மை விளையாடுவதற்கு; மாதிரி ஒன்றை உற்றுப் பார்ப்பதற்கு. வாயால் சொல்லிப் புரியாததை எழுத்திலாவது சொல்லிவிடலாம் என்றுதான், நண்பர்களே, இந்தக் கட்டுரை.

நான் சுங்கைப்பட்டாணிக்காரன். ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, ஓராண்டு புகுமுக வகுப்பு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. இப்போது வேளாண் பொறியியல் படிக்கிறேன். என் மாமா அலோர் ஸ்டாரில் லோரி ஓட்டுகிறார். அறுவடைக் காலத்தில் வயலிலிருந்து நெல் ஆலைக்கு நெல் ஏற்றுவதுதான் அவருக்குப் பிழைப்பு. பள்ளி விடுமுறைக்கு அவர் வீட்டுக்கு ரயிலில் போவோம். குருன் நிலையத்தைத் தாண்டியதும் மேட்டு நிலம் முடிந்து, கண்ணுக்கு எட்டிய வரையில் நெல்வயல் விரியும். இடப்பக்கம் ஜெராய் மலை பின்வாங்கும். அந்தக் காட்சியைத்தான் ஒரு பலகையின் மேல் கட்ட வேண்டும் என்று ஈராண்டுகளாக முயன்று வருகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட அளவுக்கு மாதிரி ரயில் உலகில் 'என்' அளவு என்று பெயர். 'என்னுடைய' என்று பொருளில்லை. அது ஆங்கில எழுத்து! உண்மைப் பொருளில் 160-இல் ஒரு பங்கு. ஆறடி மனிதர் ஒருவர் இதில் 11 மில்லிமீட்டர் உயரம்தான் இருப்பார். என் பலகை 120 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம். கணக்குப் போட்டால் 192 மீட்டருக்கு 96 மீட்டர். அதாவது 2 ஹெக்டேருக்கும் குறைந்த நிலம். ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். அதையும் அளவு மாறாமல் செய்தால் 7 மீட்டருக்கு மேல் வரும். வீட்டுக் கூரையைப் பிரிக்க வேண்டியதுதான். ஆகவே மலையைப் பின்னட்டையில் நீல வண்ணத்தில் தீட்டியதோடு மனநிறைவு அடைந்தேன்.

தண்டவாளத்திலும் ஒரு சிக்கல். 'என்' அளவுக்காகக் கடையில் விற்கும் தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர். அது ஐரோப்பா, அமெரிக்கா போன்ற இடங்களில் உள்ள திட்ட அகலப் பாதைக்குப் பொருந்தும். நம் மலாயன் ரயில்வேயின் பாதையோ 1 மீட்டர் அகலம். 160-ஆல் வகுத்தால் 6.25 மில்லிமீட்டர். இதைவிடச் சிறிய 'இசட்' அளவுக்கு விற்கும் 6.5 மில்லிமீட்டர் தண்டவாளம் கிட்டத்தட்டச் சரியாக வருகிறது. அதையே இரட்டைப் பாதையாகப் பதித்து, மின்கம்பிக்கான கம்பங்களையும் நட்டேன். ஈப்போ முதல் பாடாங் பெசார் வரையிலான 329 கிலோமீட்டர் மின்சார இரட்டைப் பாதையில் 2015 முதல் இ.டி.எஸ். ரயில் ஓடுகிறது. அந்தக் கம்பங்கள் இல்லாவிட்டால் அது இன்றைய கெடா ஆகாது.

ரயிலைவிடக் கடினமாக இருந்தது நெல் அறுக்கும் இயந்திரம். கடைகளில் வேளாண் இயந்திர மாதிரிகள் இல்லாமல் இல்லை. ஆனால், அமெரிக்கப் பண்ணை மாதிரிகளில் 1:64 அளவு பரவலானது; ஐரோப்பாவில் 1:87 அளவிலும் கிடைக்கின்றன. 1:64 டிராக்டரை என் ரயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினால், ரயிலையே விழுங்கிவிடும்போல் நிற்கும். அளவு ஒத்துப்போனாலும் அவை கோதுமையும் சோளமும் விளையும் காய்ந்த நிலத்துக்காகச் செய்யப்பட்டவை. கெடாவின் சேற்றில் அந்தச் சக்கரங்கள் இறங்கினால் புதைந்துவிடும். நம் வயலில் ஓடும் பெரிய இயந்திரங்களுக்கு முன்பக்கம் அகலமான சங்கிலிப்பட்டை இருக்கும். சிறிய ஜப்பானிய இயந்திரங்கள் முழுக்க முழுக்க ரப்பர்ப் பட்டையில் ஓடும். எனவே நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

மாமாவின் உதவியோடு, ஓட்டுநர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், ஓர் இயந்திரத்தை அளவுநாடாவால் அளந்தேன். வெட்டும் முகப்பு நாலரை மீட்டர்; என் பலகையில் அது 28 மில்லிமீட்டர். ஏணியின் கைப்பிடிக் குழாய் 3 சென்டிமீட்டர் தடிமன். என் கணக்கில் அது 0.2 மில்லிமீட்டர்கூட வரவில்லை. பழைய தொலைபேசிக் கம்பியைப் பிரித்து, உள்ளே இருந்த செப்பு இழையை வளைத்து ஒட்டினேன். உடற்பகுதிக்கு 0.25 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு. சங்கிலிப்பட்டைக்குக் கிழிந்த பையிலிருந்து கழற்றிய ஜிப். விளைந்த பயிருக்குக் கால்மிதியின் நாரை 6 மில்லிமீட்டருக்கு வெட்டினேன். அறுத்த தாளுக்கு 2 மில்லிமீட்டர் போதும். இயந்திரத்தின் பின்னால் பூச்சி பொறுக்க வரும் கொக்குகளை நொய்யரிசியில் செய்தேன்.

இவற்றை எல்லாம் எங்கே வைப்பது என்று கற்றுக்கொடுத்தவர் மாமா. "லோரி பெண்டாங்குல எறங்கவே எறங்காதுடா தம்பி. மிஷினுதான் ரோட்டோரத்துக்கு வந்து கொட்டணும்," என்றார். ஆகவே என் லோரி வரப்புச் சாலையில் நிற்கிறது; இயந்திரத்தின் நெல் கொட்டும் குழாய் அதன்மேல் நீண்டிருக்கிறது. பாதி வயல் பொன்னிறம், மீதி வயலில் வைக்கோல் வரிசை. ஈரமான ஓரத்தில் பட்டையின் தடம் ஆழமாகவும், மேட்டில் லேசாகவும் பதிந்திருக்கும். ஓர் இயந்திரத்தை அதன் வேலையோடு சேர்த்துக் காட்டினால்தான் அது மாதிரி. இல்லாவிட்டால் கண்ணாடி அலமாரிப் பொருள்.

சென்ற விடுமுறையில் பாட்டி இதைப் பார்த்தார். சுங்கைப்பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"மிஷினு இருக்கு, ரயிலு இருக்கு, கொக்குகூட இருக்கு. ஆளுங்க எங்கய்யா?"

காட்டினேன். இயந்திரத்தில் ஒருவர், லோரியில் ஒருவர், வாய்க்கால் மடையருகே ஒருவர், தள்ளி நின்று பார்க்கும் நிலத்துக்காரர் ஒருவர். மொத்தம் நால்வர்.

"இம்புட்டு வயலுக்கு நாலே பேரா? மத்தவங்கள்லாம் எங்க போனாங்க?"

இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் என் பலகைக்கு ஒரு வரலாறு இருப்பதை அறிந்தேன். முடா நீர்ப்பாசனத் திட்டம் 1966-இல் தொடங்கி 1970-இல் முடிந்தது. பெடு, முடா ஆகிய இரண்டு அணைகளின் நீர் ஏறத்தாழ 100,000 ஹெக்டேர் வயலில் ஆண்டுக்கு இருபோகம் விளைய வழி செய்தது. இருபோகம் வந்ததும் அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் அவகாசம் குறைந்தது. 1970-களின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் பெருகின. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்காட் 1978 முதல் 1980 வரை அங்கே ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்து, 1985-இல் 'வெப்பன்ஸ் ஆஃப் தி வீக்' என்ற நூலை வெளியிட்டார். அரிவாளால் அறுத்தும் கதிரடித்தும் கூலி வாங்கிய ஏழைக் குடும்பங்களுக்கு இயந்திரத்தால் அந்த வருமானம் போன கதை அதில் இருக்கிறது. இயந்திரத்தால் அறுத்தவர்களின் நிலத்தில் நாற்று நடப் பெண்கள் மறுத்துப் பார்த்ததையும் அவர் பதிவு செய்துள்ளார். அவர்களால் தாக்குப்பிடிக்க இயலவில்லை. பின்னர் நேரடி விதைப்பு பரவியதும் நாற்று நடும் வேலையும் பெரும்பாலும் இல்லாமல் போனது.

அந்தப் பெண்கள் மலாய்க் கிராமத்தவர். என் பாட்டி தமிழர் தோட்டத்தவர். ஆயினும் பாட்டி அவர்களைப் பற்றிக் கேட்டதில் வியப்பில்லை. பாட்டியின் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, அத்தனை ஆள்கள் தேவைப்படவில்லை. லயத்தில் ஒவ்வொரு வீடாகக் காலியானதை அவர் இன்றும் வரிசை மாறாமல் சொல்வார்.

இயந்திரம் தீயது என்று நான் எழுதினால் அது நேர்மையாகாது. நாள் முழுதும் குனிந்து அறுப்பவரின் முதுகுவலியை யாரும் அழகுபடுத்திப் பேசக் கூடாது. இயந்திரம் இல்லையேல் மாமாவின் லோரிக்கும் வேலை இல்லை. மேலும், அடுத்த ஆண்டு பட்டம் பெற்று, இவ்வகை இயந்திரங்களை வடிவமைக்கும் வேலைக்குத்தான் நானும் விண்ணப்பிக்கப் போகிறேன். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நிலம் அறுக்கும், எவ்வளவு டீசல் குடிக்கும், எத்தனை நெல்மணி சிந்தும் என்றெல்லாம் கணக்கிட எங்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். "மத்தவங்க எங்க போனாங்க?" என்பதற்கு எங்கள் பாடநூலில் சூத்திரம் இல்லை. அந்தக் கேள்வியை நான்தான் என் வரைபட மேசைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பாட்டியின் மனத்தைத் தேற்றுவதற்காகப் பலகையில் இருபது பேரைக் கூடுதலாக நட்டிருக்கலாம். நடவில்லை. இன்றைய அறுவடையில் அத்தனை பேர் இல்லை. இல்லாதவர்களை வைத்தால் அது பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாக ரயிலுக்குள் ஆள்களை உட்கார வைக்கத் தொடங்கியிருக்கிறேன். சன்னல் சன்னலாக, தெற்கே போகும் இளைஞர்கள்; பினாங்குத் தொழிற்சாலைக்குச் சிலர், கோலாலம்பூருக்குப் பலர். வயலுக்கு வேண்டாதவர்களை அந்த வயலின் ஓரமாகத்தானே ரயில் ஏற்றிக்கொண்டு போகிறது! புத்தகப்பையோடு ஓர் உருவத்தையும் மூன்றாம் பெட்டியில் ஒட்டிவிட்டேன். அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு பெட்டிகள் காலியாக உள்ளன. ஓர் ஆளுக்கு வண்ணம் தீட்ட எனக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது. விடுமுறையில் வடக்கே போகும் நண்பர்கள், குருனைத் தாண்டியதும் கைப்பேசியைச் சற்றுக் கீழே வையுங்கள். வயலில் இயந்திரம் ஓடினால், பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணி வந்து எனக்குச் சொல்லுங்கள். என் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.