பேனாவால் எழுதிய 2 பெட்டி

எங்கள் குளிர்பானக் குடோனில் பில்களைத் தானே படித்து ஏற்றும் மென்பொருள் வந்து ஒரு மாதம். ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்து, 2022 முதல் பில்லில் கட்டாயமான எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமத்தின் 14 இலக்கம், பேட்ச் எண் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிடுகின்றன. முன்பு நானும் கணக்கர் அண்ணனும் இரவு பத்து வரை தட்டிக்கொண்டிருப்போம். (அந்த நேரத்து டீயும் வடையும்தான் இப்போது இல்லை.)

நேற்று ஒரு சிக்கல். சரக்கு இறக்கியபோது கடைக்காரர் பில் ஓரத்தில் '2 பெட்டி உடைசல்' என்று பேனாவால் கிறுக்கியிருக்கிறார். மென்பொருளோ அச்சிலிருந்த 40-ஐயே எடுத்துக்கொண்டது. அவர் போனில் கத்திய கத்தலில் என் காது சிவந்தது. அண்ணன் தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரே பார்வையில் கண்டுபிடித்தார்.

இன்று முதல் பேனா பட்ட பில்கள் தனிக் கட்டு. அது அண்ணன் மேசைக்கு.