துணைக்கு ஓர் ஆள்

மார்ச் 3, செவ்வாய்

சிங்காநல்லூரில் வேலைக்குப் புது வீடு. தலைச்சன் பிள்ளை, முப்பத்தேழாம் வாரம். டூலா என்றால் யார் என்று கர்ப்பிணிப் பெண்ணின் மாமியாருக்குப் பிடிபடவில்லை. "மருத்துவச்சியாம்மா நீங்க?" என்றார். பிரசவம் பார்ப்பது டாக்டரும் நர்ஸும்தான். நான் மருந்தும் தருவதில்லை, கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பதும் இல்லை, வலி எடுத்ததிலிருந்து பிள்ளை பால் குடிக்கும்வரை கூடவே இருப்பேன் என்றேன்.

"கூட இருக்கறதுக்குக் காசுங்களா?"

நியாயமான கேள்விதான். அவர் காலத்தில் சித்தியும் பெரியம்மாவும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவர்களை வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலி இடத்தில்தான் என் பிழைப்பு.

மார்ச் 9, திங்கள்

அந்தப் பெண்ணின் கணவருக்கு இடுப்பு அழுத்தச் சொல்லிக்கொடுத்தேன். முதுகெலும்பு முடியும் இடத்துக்குச் சற்று மேலே, உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, வலி ஏறி இறங்கும்வரை எடுக்காமல் அழுத்த வேண்டும். மனுஷன் பூனையைத் தடவுவதுபோலத் தடவினார். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "தள்ளு சாமி" என்று வந்து ஒரே அழுத்து. மருமகள் "ஆங், அங்கதான் அத்தை!" என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

நடுராத்திரி போன். சீரகக் கஷாயம் கொடுத்தும் வலி அடங்கவில்லையாம். பொய் வலியென்றால் இதற்குள் தணிந்திருக்கும் என்றார் மாமியார். நான் போனபோது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது. விடியும்வரை வீட்டிலேயே நடக்கவிட்டோம். நானும் மாமியாரும் மாற்றி மாற்றி இடுப்பை அழுத்தினோம். சொல்லப்போனால் அவர் கை என் கையைவிட மேல்.

காலையில் ஆஸ்பத்திரி. கர்ப்பவாய் நாலு சென்டிமீட்டர். மதியம் ஆறில் நின்றது. வலியைக் கூட்ட டிரிப் போடலாமா என்று டாக்டர் கேட்டார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். பதில் சொல்வது என் வேலை இல்லை. "பிள்ளை நெஞ்சுத்துடிப்பு எப்படி இருக்குனு கேளு. கொஞ்ச நேரம் பார்க்கலாமானும் கேளு" என்றேன். கேட்டாள். துடிப்பு நன்றாக இருந்ததால் ஒரு மணி நேரம் பொறுக்க டாக்டர் சம்மதித்தார். ஒருக்களித்துப் படுத்தவளை எழுப்பி, கட்டிலைப் பிடித்து நிற்கவைத்தேன். ஒவ்வொரு வலிக்கும் என் மணிக்கட்டில் நகம் பதிந்தது. வாயால் மெல்ல ஊதச் சொல்லி நானும் கூடவே ஊதினேன். டிரிப் தேவைப்படவில்லை.

சாயங்காலம் பெண் குழந்தை. துடைத்த கையோடு அம்மாவின் நெஞ்சில் போட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் தானே தேடி வாய் வைத்தது. வெளியே மாமியார் என்னிடம் முதலில் கேட்டது: "தையல் எத்தனை?"

மார்ச் 19, வியாழன்

தூக்கம் தீர்ந்தது. கணக்கு நோட்டு எழுத உட்கார்ந்து வேறு எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரசவத்தின்போது விடாமல் கூட ஆள் இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் சுருங்குகிறது. 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2017இல் சொன்னது இது. விரும்பிய துணை எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. தமிழ்நாடு அதற்கெல்லாம் முன்பே, 2004இல், அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறைக்குள் பெண் உறவினர் ஒருவரை அனுமதிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் உள்ளே போகும் அம்மாவுக்கோ அக்காவுக்கோ அங்கே என்ன செய்வதென்று யார் சொல்லித்தருகிறார்கள்? பயந்துபோய் ஓரமாக நிற்கிறார்கள், அல்லது "கத்தாதே" என்று அதட்டுகிறார்கள். என்னைப்போல ஒருத்தியைக் காசு கொடுத்து வைத்துக்கொள்ள எத்தனை வீட்டால் முடியும்?

கடைசி மாதச் செக்கப்புக்கு வரும்போது, உள்ளே வரப்போகிறவரையும் கூட்டிவரச் சொல்ல வேண்டும். எங்கே அழுத்துவது, எப்போது எழுப்பி நிற்கவைப்பது, டாக்டரிடம் என்ன கேட்பது என்று காட்ட அரை மணி நேரம் போதும். சிங்காநல்லூர் மாமியாருக்கு அதுகூடத் தேவைப்படாது.